பன்னிரண்டு டிகிரியில் கறுப்பு பீர்

என் வீட்டுக்காரரைத் தெரிஞ்சவங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. டிகிரி. அவ்வளவுதான். பத்தாங்கிளாஸையே முக்கி முனகித் தாண்டின மனுஷனுக்கு டிகிரின்னு பேரு! கல்யாணமான புதுசுல நானும் ஏமாந்தேன். மாப்பிள்ளை காலேஜ் படிச்சவருன்னு தோழிங்ககிட்ட பீத்திக்கிட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. சட்டைப் பையில பேனா மாதிரி ஒரு தெர்மாமீட்டரைச் சொருகிக்கிட்டுத் திரிவாரு, அதனால வந்த பேரு.

இருபத்திரண்டு வருஷம் ஒரே பீர் கடையில வேலை. பஸ் நிக்கிற முக்குல இருக்குற கடை. பதினாலு குழாய் வரிசையா இருக்கும், பின்னாடி பீப்பாய் வைக்கிற குளிர் ரூம் மூணு. எந்த பீரை வாங்கணும், எதை வேண்டாம்னு திருப்பி அனுப்பணும், எதை எவ்வளவு குளிர்ல ஊத்தணும், எல்லாம் இவர் பொறுப்பு. முதலாளிக்கு வயித்துப் புண்ணு, ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டாரு. கடை முழுக்க இவரோட வாயையும் மூக்கையும் நம்பித்தான் ஓடுச்சு.

வர்றவங்கள்ல பாதிப் பேரு "நல்லா ஜில்லுன்னு குடுங்க"ம்பாங்க. இவருக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். "ஜில்லுன்னு வேணும்னா ஐஸ் தண்ணி இருக்கே சார், காசும் கிடையாது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு. வெளுத்த மஞ்சளா, தெளிவா இருக்குற பீருக்கு நாலு, அஞ்சு டிகிரி. கோதுமையில காய்ச்சி கலங்கலா இருக்குறதுக்கு ஆறு, ஏழு. செம்பு நிறத்துல இருக்குறதுக்கு எட்டுலேர்ந்து பத்து. கறுப்புக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டுன்னா பன்னிரண்டு, ஒண்ணு குறைஞ்சாலும் ஊத்த மாட்டாரு. "குளிர் நாக்கை மரத்துப் போக வெச்சிடும், வாசனையை அமுக்கிடும். மட்டமான பீரை விக்கிறவன்தான் ஜில்லுன்னு குடுப்பான், அப்பத்தானே குட்டு வெளிப்படாது"ம்பாரு. சாப்பிட உக்காந்தாலும் இதே பேச்சுதான். எனக்குக் காது புளிச்சிடும். எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் குடிச்சதில்ல, எனக்கு பீர் வாடைன்னாலே குமட்டும். இவர் வேலை முடிஞ்சு வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல இவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள் படுத்துக் கிடந்தாரு. எழுந்து நடமாட ஆரம்பிச்சப்புறம் ஒரு நாள் காலையில நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இறங்கி வர்றேன், வீடு பூரா கருகல் நாத்தம். அடுப்புத் துணி கருகிப் புகைஞ்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு ரெண்டு அடி தள்ளி இந்த மனுஷன் முதுகைக் காட்டி உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு! "அறிவு இருக்கா உங்களுக்கு, மூக்கு என்ன அவிஞ்சா போச்சு?"ன்னு கத்திட்டேன். சாதாரணமா நான் கத்தினா திருப்பிக் கத்துவாரு. அன்னிக்கு என்னையே பாத்தாரு. "ஆமா. நாலு நாளா ஒரு வாடையும் தெரியல. சரியாயிடும்னு பாத்தேன்"ன்னாரு.

டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு, படம் எடுத்துப் பாத்தாரு. "வரலாம், வராமலும் போகலாம்"ன்னுட்டாரு. இதைச் சொல்றதுக்கா அத்தனை வருஷம் படிச்சாருன்னு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. இவருக்கு நாக்கு இருந்துச்சு. கசப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும். ஆனா பீர்ல முக்கால்வாசி விஷயம் மூக்குலதானாம். "மூக்கு போன பீர்க்காரன் கண்ணு போன டிரைவர். வெளிய தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேற எனக்கு என்ன தெரியும், சொல்லு"ன்னு என்னைக் கேட்டாரு. அவருக்கு அப்ப நாப்பத்தாறு வயசு. எங்க பொண்ணு அப்பத்தான் ஆறாவதுக்குப் போயிருந்தா.

யோசனை என்னோடதுதான். நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் சொன்னேன். "எனக்கு மூக்கு இருக்கே. நான் மோந்து பாத்துச் சொல்றேன்"ன்னேன். பத்து நாளுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சாரு. "நீயா? நீதான் என் சட்டையையே குச்சியில எடுத்துப் போடுவியே!"

செவ்வாய்க்கிழமை பீர் காய்ச்சுறவங்க சாம்பிள் பாட்டில் கொண்டு வந்து குடுப்பாங்க. அதைத் துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டு வருவாரு. புதன்கிழமை காலையில நான் மோந்து பாக்கணும். முதல்ல எல்லாமே ஒரே குமட்டலாத்தான் இருந்துச்சு. பிடிச்சு உக்கார வெச்சு, "எனக்குத் தொழில் வார்த்தையெல்லாம் வேணாம், உனக்கு என்ன ஞாபகம் வருதோ அதைச் சொல்லு"ம்பாரு. நான் நனைஞ்ச அட்டைப்பெட்டின்னு சொன்னா, காத்து பட்டுடுச்சு, பழசுன்னு அர்த்தம். வெண்ணெய்னு சொன்னா, அவசரப்பட்டு இறக்கிட்டாங்க. அவிச்ச சோளம்னா சரியா கொதிக்க வைக்கல. மழையில நனைஞ்ச நாய்னு ஒரு தடவை சொன்னேன், அரை மணி நேரம் சிரிச்சாரு. அந்த பீரையும் திருப்பி அனுப்பிட்டாரு. பல்லுல படாம மோந்து மட்டும் பாத்தே மூணு வருஷத்துல பதினோரு கெட்ட பீரைப் பிடிச்சேன். முதலாளி எல்லார்கிட்டயும் "எங்க டிகிரி மூக்கு மாதிரி வருமா"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அதைக் கேட்டுட்டு வந்து இவர் என்கிட்ட சொல்லும்போது எனக்கு இருக்குற சந்தோஷம் இருக்கே! பதினஞ்சு வருஷக் குடித்தனத்துல இவர் என்கிட்ட அவ்வளவு பேசினதே இல்ல. அந்த மூணு வருஷம் நாங்க நல்லா இருந்தோம்.

ஒரே ஒரு கண்டிப்பு. கறுப்பு பீரா இருந்தா ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது. சமையல் மேடைக்கு அடியில வாளித் தண்ணியில கொஞ்சம் ஐஸ் போட்டு நிக்க வெச்சுட்டுப் போவாரு. கிளாஸ்ல ஊத்தி, உள்ளங்கையால பிடிச்சு, அவர் குடுத்த பழைய தெர்மாமீட்டரை விட்டுப் பாத்து, பன்னிரண்டுக்கு வந்தப்புறம்தான் மோந்து பாக்கணும். ஒவ்வொரு தடவையும் கேப்பாரு: "வெளிய வெச்சிருந்துதானே பாத்தே?" ஒவ்வொரு தடவையும் நான் ஆமாம்பேன். நிஜமாவே அப்படித்தான் பாத்திருப்பேன்.

கடைக்கு இருபத்தஞ்சாவது வருஷம் வந்துச்சு. பெரிய விருந்துன்னு முதலாளி ஏற்பாடு பண்ணாரு. பழைய வாடிக்கைக்காரங்க, மத்த கடைக்காரங்க, வேலை பாக்கறவங்க குடும்பம்னு நூறு பேருக்கு அழைப்பு. "டிகிரி, அன்னிக்கு எல்லாரும் பேசுற மாதிரி ஒரு பீர் தேடிப் பிடி"ன்னு சொல்லிட்டாரு. இவரும் அலையா அலைஞ்சு புதுசா காய்ச்ச ஆரம்பிச்ச ஒரு ஆள்கிட்டேர்ந்து ஒரு கறுப்பு பீரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. பத்து பீப்பாய். செவ்வாய்க்கிழமை சாம்பிள் பாட்டில் வழக்கம்போல வாளியில வந்து உக்காந்துச்சு.

நல்ல வெயில் காலம் அது. ராத்திரி இவர் தூங்கினப்புறம் பாத்தா குழாயில தண்ணி வரல. இருந்த ஒரு வாளித் தண்ணியும் பாத்திரத்துக்கு வேணும். பாட்டிலை வெளிய எடுத்து வெச்சா அடுப்படி கொதிக்கிற கொதிப்புல கெட்டுப்போயிடுமேன்னு ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். காலையில ரெண்டு மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்சுட்டாப் போச்சுன்னு நினைச்சேன். காலையில விடிஞ்சதும் தண்ணி வந்துச்சு. ரெண்டு நாள் துணி கிடக்கு, அதைப் பாக்கறதா, பொண்ணு ஷூவைக் காணோம்னு அழறாளே அதைப் பாக்கறதா! பத்து மணிக்கு போன் அடிச்சப்பதான் பாட்டில் ஞாபகமே வந்துச்சு.

"என்ன சொல்றே? காய்ச்சுற ஆள் பக்கத்துலயே நிக்கிறாரு. இப்பவே சொல்லணும்"னாரு.

போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாட்டில் வேர்த்து ஊத்துது. ஊத்தி மோந்து பாத்தேன். வறுத்த வாடை லேசா இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. "நல்லாருக்கு"ன்னேன்.

"வெளிய வெச்சிருந்துதானே பாத்தே? பன்னிரண்டு இருந்துச்சா?"

அப்ப என் வாயில என்ன வந்திருக்கணும்? "இல்லீங்க, ஒரு மணி நேரம் குடுங்க"ன்னு வந்திருக்கணும். கையெல்லாம் சோப்பு, வாசல்ல பொண்ணு கத்துறா. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "ஆமா, ஆமா! வாராவாரம் இதே கேள்வி! நம்பிக்கை இல்லேன்னா ஏன் என்கிட்ட குடுக்கறீங்க?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

"சரி சரி, கோவிச்சுக்காதே"ன்னு சிரிச்சுக்கிட்டே வெச்சுட்டாரு. மிச்சத்தைத் தொட்டியில கொட்டி, கிளாஸைக் கழுவிக் கவுத்துட்டுத் துணி துவைக்கப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் விருந்து. இருந்ததுல நல்ல துணியா உடுத்திக்கிட்டு நானும் பொண்ணும் போனோம். இவர் முதல் நாள்லேர்ந்து ஒரு குளிர் ரூமையே அந்த பத்து பீப்பாய்க்குன்னு ஒதுக்கி, மணிக்கொரு தடவை எட்டிப் பாத்துப் பன்னிரண்டுலயே நிறுத்தி வெச்சிருந்தாரு. வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது. முதலாளியே கெஞ்சினாரு: "டிகிரி, எல்லாரும் ஜில்லுன்னு கேக்கறாங்கப்பா. இன்னிக்கு மட்டும் நாலுல வெச்சு ஊத்தினா என்ன குறைஞ்சிடும்?" இவர் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அண்ணே, இந்த ஒண்ணுல என் பேச்சைக் கேளுங்க. குடிச்சுப் பாத்துட்டு அவங்களே சொல்லுவாங்க." நாலுல வெச்சு ஊத்தியிருந்தா அன்னிக்குத் தப்பிச்சிருப்போம்.

முதல் கிளாஸை ஊத்தி என்கிட்டதான் கொண்டு வந்து குடுத்தாரு. "குடிக்க வேணாம். சும்மா கையில வெச்சுக்க. நீ தேர்ந்தெடுத்தது"ன்னு காதுகிட்ட வந்து மெதுவா சொன்னாரு. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனேன். காயத்துக்குப் போடுற பிளாஸ்திரி வாடை. ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அவரைக் கூப்பிடலாம்னு நிமிர்ந்தா, அவர் அதுக்குள்ள குழாய்கிட்ட போய் இருபது கிளாஸ் ஊத்தி அனுப்பிட்டாரு.

ஒருத்தர் ஒரு வாய் குடிச்சுட்டுக் கிளாஸைத் தள்ளி வெச்சாரு. பக்கத்துல இருந்தவர் மோந்து பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாரு. "என்னப்பா இது, மருந்துக்கடை நாத்தம் அடிக்குது"ன்னு யாரோ சத்தமா சொல்ல, நாலு பேரு சிரிச்சாங்க. முதலாளி ஒரு கிளாஸை வாங்கி மோந்து பாத்தாரு. அவருக்கு மூஞ்சி கறுத்துடுச்சு. நேரா இவர்கிட்ட போய் நீட்டினாரு. "இதைக் குடிச்சுப் பாரு."

இவர் கிளாஸை வாங்கிட்டு என்னைத் தேடினாரு. நான் பத்தடி தூரத்துல நிக்கிறேன். ஒரு கண்ணைக் காட்டியிருந்தா போதும், தலையை ஆட்டியிருந்தா போதும், புரிஞ்சுக்கிட்டிருப்பாரு. வெக்கத்துல நான் தரையைப் பாத்தேன்.

வாய் நிறைய குடிச்சாரு. நாக்குல உருட்டி நிதானமா முழுங்கினாரு. "நல்லாத்தானேண்ணே இருக்கு. கசப்பு அளவா இருக்கு. முதல்ல காபி வாசனை வருது, அப்புறம் லேசா..." இத்தனை வருஷம் குடிச்ச நல்ல பீரையெல்லாம் ஞாபகத்துலேர்ந்து எடுத்துச் சொல்லிக்கிட்டே போறாரு. கூட்டம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குது. என் பொண்ணு என் கையைப் பிடிச்சு அமுக்கினா. அவளுக்கும் வாடை தெரிஞ்சுடுச்சு.

கல்லாவுக்குப் பின்னாடி கடைப் பசங்க போட்டுக் குடிக்கிற காபித்தூள் டப்பா இருந்துச்சு. முதலாளி அதைத் திறந்து கையால மறைச்சுக்கிட்டு இவர் மூக்குக்கு நேரா பிடிச்சாரு. "கண்ணை மூடிக்க. இது என்ன வாசனை, சொல்லு."

இவர் கண்ணை மூடினாரு. இழுத்து இழுத்து மோந்து பாத்தாரு. "தெரியலண்ணே"ன்னாரு.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

"அப்ப இத்தனை நாளும் சரியா சொன்னியேப்பா, எப்படி?"

என் பக்கம் திரும்பவே இல்ல. "குருட்டாம்போக்குல சொன்னேண்ணே"ன்னாரு. முதலாளி கெட்ட மனுஷன் இல்ல, அவருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அத்தனை பேரு முன்னாடி அவமானப்பட்டு நிக்கிறவரு வேற என்ன செய்வாரு? "நாளைலேர்ந்து வராதே டிகிரி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

பஸ்ல வரும்போது நான் அழுதுக்கிட்டே வந்தேன். இவர் என்னைத் தேத்துறாரு! "நீ ஏன் அழறே? உன் மேல என்ன தப்பு? சாம்பிள் நல்லாருந்திருக்கும். அவன் பீப்பாயை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டான்." அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லல. மறுநாள் காய்ச்சுற ஆளைத் தேடிப் போய்ச் சண்டை போட்டாரு. அதே பீப்பாய்லேர்ந்து பிடிச்ச சாம்பிள்தான்னு அந்த ஆளு சத்தியம் பண்ணியிருக்கான். "புளுகறான்! என் பொண்டாட்டி மோந்து பாத்து நல்லாருக்குன்னா நல்லாத்தான் இருந்திருக்கும்"னு இவர் என்கிட்ட வந்து சொல்றாரு. நான் கேட்டுக்கிட்டு நின்னேன். நாள் போகப் போக வாய் இன்னும் இறுகிப் போச்சு.

வேற எந்த பீர் கடையும் இவரைச் சேத்துக்கல. விஷயம் ஊர் பூரா பரவிடுச்சு. அஞ்சு மாசம் கழிச்சு மீன் வைக்கிற குளிர் கிடங்குல வேலை கிடைச்சுது. உள்ள மைனஸ் பதினெட்டு, மீட்டர் செவுத்துலயே மாட்டியிருக்கு, இவர் பாக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. பெட்டியைத் தூக்கி அடுக்கணும், அவ்வளவுதான். மத்தவங்க மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை பாக்கறாங்க, இவருக்கு அது தேவை இல்லேன்னு மேஸ்திரிக்கு ரொம்ப சந்தோஷம். வீட்டுக்கு வந்தா ரெண்டு தடவை குளிப்பாரு. துவைச்சுக் காஞ்ச சட்டையை என்கிட்ட நீட்டி, "இன்னும் வாடை இருக்கா, மோந்து பாரு. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போறாங்க"ம்பாரு. இருக்குன்னா மறுபடியும் துவைப்பாரு. பால் திரிஞ்சிருக்கா, கேஸ் மூடியிருக்கா, எதுவா இருந்தாலும் என்னைத்தான் கேப்பாரு. நான் சொன்னா மறுபேச்சு கிடையாது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மேசையில உக்காந்து எதையோ எழுதிக்கிட்டு இருந்தாரு. முதலாளிக்குக் கடிதம். படிச்சுக் காட்டினாரு: "அண்ணே, அன்னிக்கு நடந்தது பீப்பாய்ல வந்த கோளாறு. மூணு வருஷமா வாசனை பாத்துச் சொன்னது என் மனைவி. ஒரு தடவைகூட அவ தப்பா சொன்னதில்ல. எங்க ரெண்டு பேரையும் சேத்து வேலைக்கு எடுத்துக்கங்க, எனக்குக் குடுக்குற சம்பளம் மட்டும் போதும்." படிச்சு முடிச்சுட்டு என்னைப் பாத்தாரு. "ஒத்துக்குவாருன்னு தோணுது. புதுசா வந்த ஆளு சரியில்லையாம்"ன்னாரு. அந்தக் குரல்ல அவ்வளவு ஆசை.

ஒத்துக்கத்தான் செய்வாரு. ஆனா அந்தக் கடிதம் போச்சுன்னா என் பொய் மேல இன்னொரு தடவை குடும்பத்தையே தூக்கி வைக்கணும். என்னால முடியல. சொல்லிட்டேன். ஃப்ரிட்ஜ், வாளி, தண்ணி, சோப்புக் கை, எல்லாத்தையும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?"

"இல்லவே இல்லீங்க. எடுத்த உடனே பாத்தேன்."

"போன்ல கேட்டேனே."

"கேட்டீங்க."

கடிதத்தை நாலா மடிச்சாரு. திட்டுவாருன்னு பாத்தேன், கை நீட்டி அடிச்சாலும் பரவாயில்லேன்னு நின்னேன். "ஏதாவது பேசுங்களேன், கத்தித் தொலைங்களேன்!"னு நான்தான் கத்தினேன். "சாப்பாடு போடு"ன்னாரு. போட்டதைச் சாப்பிட்டாரு. தட்டை அவரே கழுவி வெச்சாரு.

மறுநாள் சாயங்காலம் வேலையிலேர்ந்து வந்தாரு. ரெண்டு தடவை குளிச்சாரு. கொடியில காஞ்ச சட்டையை எடுத்தாரு. வழக்கம்போல நான் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். என்னைத் தாண்டி, கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. அங்க ஒரு நர்ஸக்கா தனியா இருக்காங்க, பாத்தா சிரிக்கிற அளவுக்குத்தான் பழக்கம்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தச் சட்டையில மீன் வாடை இருக்கான்னு கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றீங்களா?"

அந்தக்கா சங்கடமா சிரிச்சாங்க. "ஏம்ப்பா, வீட்ல அவங்க ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்லக்கா, இருக்கா"ன்னாரு.